புள்ளி போடாத ஒரு பாடம்

மருதனார்மடம் என்றதும் இப்போது பலருக்கு ஞாபகம் வருவது சந்தை. 2020 டிசம்பரில் 'மருதனார்மடம் கொத்தணி' என்று கொரோனாச் செய்திகளில் நாள்தோறும் அடிபட்டதே, அந்தச் சந்தைதான். எங்கள் வயதுக்காரருக்கு இராமநாதன் கல்லூரி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண் பிள்ளைகளுக்கென்று தொடங்கியது. ஆஞ்சநேயர் கோயிலை அடையாளம் சொல்பவர்களும் உண்டு. ஆனால் இந்தச் சந்தியிலிருந்து சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர்களில், தமிழையும் வடமொழியையும் பால்மணம் மாறாத வயதில் பாடம் கேட்டு, வளர்ந்தபின் பழைய நூல்களுக்கு உரையும் பதிப்பும் செய்தவர்கள் இருந்தார்கள் என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுக்கு யாரும் சொல்லவுமில்லை.

பக்கத்துச் சுன்னாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அ. குமாரசாமிப் புலவர் (1854–1922) அங்கே இருந்துகொண்டுதான் காளிதாசரின் மேகதூதத்தை 'மேகதூதக் காரிகை' என்று தமிழ்ச் செய்யுளாக்கினார். இதோபதேசத்தையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை இளவயதில் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் பாடம் கேட்டவர். வட்டுக்கோட்டைச் செமினரியும், 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர் என்ற பெருமையும், உத்தியோகங்களும் பிறகு வந்தவை. எட்டுத்தொகையில் முதன்முதலாக அச்சேறிய கலித்தொகை, 1887இல் அவர் பதிப்பாகத்தான் வெளிவந்தது. புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் (1878–1958) தொல்காப்பியத்துக்கு எழுதிய குறிப்புகளைச் சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் நா. பொன்னையா அச்சிட்டார். 1937இல் எழுத்ததிகாரம், 1938இல் சொல்லதிகாரம். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943இலும் ஒரு பாகம் வந்தது. கடைசிப் பாகம் 1948இல். இன்று தொல்காப்பியம் படிக்கிற எவரும், சென்னையில் இருந்தாலும் மதுரையில் இருந்தாலும், கணேசையர் பதிப்பைத் தேடுகிறார்கள்.

இதைச் சொல்கிற நான் தமிழ் ரீச்சர் அல்ல. வாழ்க்கை முழுவதும் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். தமிழ்ப் பாடவேளை கூடினாலும் குறைந்தாலும் எனக்கு இலாபமுமில்லை, நட்டமுமில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பழைய இலக்கியம் பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதில் காது வழியாகப் போக வேண்டும். அதற்குப் புள்ளி போடக் கூடாது. இப்போது நாங்கள் செய்வது இரண்டுக்கும் நேர்மாறு: பிந்தித் தொடங்குகிறோம், தொடங்கியவுடனேயே புள்ளி போடுகிறோம்.

கொஞ்ச நாளைக்கு முன் அயலில் ஒரு பிள்ளை, சாதாரண தரம் எடுக்கப் போகிறவள், விஞ்ஞானத்தில் சந்தேகம் கேட்க வந்தாள். மேசையில் கிடந்த அவளது தமிழ் இலக்கிய நயக் கொப்பியைப் புரட்டினேன். ரியூட்டரி நோட்ஸ். ஒரு பழம்பாடல்; அதற்குக் கீழே கையாளப்பட்ட அணி, கூற்று, கேட்போர், பாடலின் மையக்கருத்து, 'இரண்டு புள்ளி', 'மூன்று புள்ளி' என்று சிவப்பு மையில். எழுத்து முத்து முத்தாக இருந்தது. விடைகளும் சரியானவைதான். "எங்கை பிள்ளை, இந்தப் பாட்டை ஒருக்கா வாசி பாப்பம்" என்றேன். முதல் வரியிலேயே சந்தி முட்டி நின்றுவிட்டாள். எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. பிறகு சிரித்துக்கொண்டு சொன்னாள்: "வாசிக்கத் தேவையில்லை ரீச்சர். சோதினையிலை வாசிக்கச் சொல்ல மாட்டினம்."

பிள்ளை சொன்னது முழு உண்மை. சோதினையில் வாசிக்கச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு அவள் 'ஏ' எடுத்தும் விடுவாள். பாட்டை ஒரு தடவையும் வாய்விட்டுச் சொல்லாமலே அதற்கு நயம் எழுதலாம் என்று ஏற்பாடு செய்து வைத்தவர்கள் நாங்கள்.

பேராசிரியர் க. கைலாசபதி, 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக வந்தவர். அதற்கு முன் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் மாணவராக இருந்து, சங்கப் பாடல்களை ஹோமர் முதலியோரின் கிரேக்க வீரப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அந்த நூல் 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. இரண்டுமே பாணர் வாயில் வளர்ந்த வாய்மொழி மரபின் பிள்ளைகள் என்பது அவர் வாதம். அதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. யார் சொல்வது சரியென்றாலும், அந்தப் பாட்டுகள் சத்தமில்லாமல் கண்ணால் மேய்வதற்காகக் கட்டப்பட்டவை என்று இருதரப்பிலும் ஒருவரும் சொல்லவில்லை.

உடனே வரும் மறுப்பு எனக்குத் தெரியும். விளங்காததைப் பாடமாக்குவது பழைய கால முறை, பிள்ளையின் மூளையை மழுங்கடிப்பது, நவீன கல்வியியல் அதை ஏற்காது. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கும் இதைத்தான் சொல்லித் தந்தார்கள். ஆனால் என் வகுப்பில் ஐதரசன், ஈலியம், இலிதியம், பெரிலியம் என்று முதல் இருபது மூலகங்களையும் வரிசையாகப் பாடமாக்கச் சொன்னபோது ஒரு பெற்றோரும் வந்து மூளை மழுங்குகிறது என்று முறைப்பாடு செய்ததில்லை. அந்த வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்பது அன்று ஒரு பிள்ளைக்கும் விளங்காது. இலத்திரன் நிலையமைப்பு படிக்கிற அன்றைக்கு, ஏற்கெனவே வாயில் கிடந்த வரிசை கைகொடுக்கும். வரிசையே தெரியாத பிள்ளைக்கு அன்றைக்கு இரட்டைப் பாரம். விளக்கம் பிந்தி வரலாம் என்பதை விஞ்ஞானத்தில் ஒத்துக்கொள்கிறவர்கள், இலக்கியத்தில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்?

ஆனால் பாடமாக்கியதோடு விட்டுவிட்டால் அவர்கள் சொல்வது சரியாகிவிடும். இங்கேதான் எங்களிடம் ஒரு நல்ல முறை இருந்தது. அதைச் சொல்ல என் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐயா புகையிலைத் தோட்டக்காரன். பிரவேச பண்டிதர் சோதினை பாஸ் பண்ணினவர். பால பண்டிதருக்குப் படிக்கத் தோட்டம் விடவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கோயிலில் கந்தபுராண படிப்பு நடக்கும்போது பயன் சொல்ல அவர்தான் வேண்டும். தண்ணி மாறி, கிணற்றடியில் முழுகி, வேட்டி மாற்றிக்கொண்டு போவார். சின்னப் பிள்ளைகள் நாங்கள் பின்னால் ஓடுவோம். அவலும் கடலையும் கிடைக்கும் என்பது முதற்காரணம்.

புராண படிப்பு கேட்டறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். படிப்பவர் ஒருவர், பயன் சொல்பவர் ஒருவர். படிப்பவர் முதலில் செய்யுளை முழுதாக இராகத்தோடு படிப்பார். போர் வந்தால் ஒரு இராகம், அழுகை வந்தால் முகாரி. பிறகு அதே செய்யுளைத் துண்டு துண்டாக, சந்தி பிரித்துத் தருவார். ஒவ்வொரு துண்டையும் பயன் சொல்பவர் வாங்கி, அந்தத் துண்டுக்குப் பொருள் சொல்லுவார். படிப்பவர் அடுத்த துண்டைத் தருவதற்கு முன் இவர் முடித்திருக்க வேண்டும். இழுத்தால் சபை முகம் சுளிக்கும். கடைசியில் துண்டுகளைச் சேர்த்து, எழுவாயை முன்னுக்குக் கொண்டுவந்து, முழு வசனமாக ஒருதரம். அதற்குப் பிறகுதான் கதை, உவமை, ஊர்ப் புதினம் எல்லாம். சூரபன்மனின் தவத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஐயா நடுவில் அந்த வருடத்துப் புகையிலை விலையைப் பற்றி ஒரு குத்துக் குத்துவார். சபை சிரிக்கும். அடுத்த செய்யுள்.

கந்தபுராணத்தில் 10,345 பாட்டு. முழுவதும் எனக்கு விளங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் பத்து வயதுக்குள் எனக்கு ஒன்று கைவந்துவிட்டது: ஒரு நீளமான பழைய வசனத்தைக் கேட்டால், அதன் வினை எங்கே இருக்கிறது என்று தானாகத் தேடுகிற பழக்கம். கொண்டுகூட்டு என்ற இலக்கணப் பெயரை அறிவதற்கு எத்தனையோ வருடம் முன்னால். படிப்பவர் பிழையாகச் சந்தி பிரித்தால், மூலையில் தூணோடு சாய்ந்திருக்கிற கிழவர் ஒருவர் கண்ணைத் திறக்காமலே திருத்துவார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர் என்று பிறகுதான் அறிந்தேன்.

இனி, மனத்துக்குக் கசப்பானதையும் சொல்லியாக வேண்டும். அந்த மண்டபத்துக்குள் எல்லோரும் இருக்கவில்லை. ஐயாவோடு தோட்டத்தில் வேலை செய்தவர்கள் வெளியே, வீதியில் நின்று கேட்டார்கள். கேட்டது மட்டும்தான்; தூணோடு சாயவோ திருத்தவோ அவர்களுக்கு இடமில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் இதே கதை. பாடசாலையில் சம ஆசனம் கொடுக்கச் சொன்ன அரசாங்க உத்தரவை எதிர்த்து, 1930ஐ அண்டிய ஆண்டுகளில் பாடசாலைகளைக் கொளுத்திய யாழ்ப்பாணம் இது. 1968இல் கூட மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே விடச் சொல்லிச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது. பழந்தமிழ்ப் படிப்பின் பெருமையைப் பேசுகிற எங்கள் மேடைகள் இந்தப் பக்கத்தைத் தொடுவதேயில்லை. பெண்களுக்கும் படிப்பவர் இடமோ பயன் சொல்பவர் இடமோ இலேசில் கிடைக்கவில்லை. பண்டிதை தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலிலிருந்து ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பேசித்தான் அந்த வழக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

ஆகவே, பழைய முறை திரும்ப வேண்டும் என்று நான் சொல்லும்போது கோயில் மண்டபத்தைச் சொல்லவில்லை. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பேரால் எல்லோருக்கும் திறந்த இடமாக எங்களுக்கு இருப்பது பள்ளிக்கூடம். படிப்பும் பயனும் அங்கே நடக்கட்டும். கந்தபுராணத்தைக் கோயில் பார்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்துக்குக் குறளும் நாலடியாரும் புறநானூறும் சிலப்பதிகாரமும் போதும். சீறாப்புராணத்திலும் தேம்பாவணியிலும் சில பாட்டு. எந்தச் சமயத்துப் பிள்ளையும் தன் வீட்டுப் பொருளென்று எடுத்துக்கொள்ளக் கூடியவை.

பழைய முறையில் எனக்கு வேண்டாதவையும் உண்டு. நிகண்டு வேண்டாம். சூடாமணி நிகண்டைப் பன்னிரண்டு தொகுதியும் ஒப்புவித்த கிழவர்களைக் கண்டிருக்கிறேன், வியப்புத்தான். ஆனால் அச்சகராதி கைக்கெட்டாத காலத்தில் அது பிள்ளையின் தலைக்குள் வைக்கப்பட்ட அகராதி. 1842இலேயே மானிப்பாயில் அகராதி அச்சாகிவிட்டது. இப்போது கைபேசியிலேயே சொல் தேடலாம். பிரம்பும் வேண்டாம். ஒப்புவிக்காத பிள்ளையை வெயிலில் முழந்தாளில் நிறுத்திய சட்டம்பியார்மாரைப் பற்றி ஆச்சி சொன்ன கதைகள் கேட்க நல்லாயிருக்கும், அனுபவிக்க அல்ல.

வேண்டியது பாட்டின் ஓசை. அதற்குப் பிரம்பு தேவையில்லை என்பதை யப்பானியரிடம் படிக்கலாம். அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொகுத்த நூறு புலவர்களின் நூறு பாட்டு இருக்கிறது. அவற்றை அவர்கள் சீட்டு விளையாட்டாக்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் பாட்டை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்குவார். பின்பாதி எழுதிய சீட்டுகள் தரையில் பரப்பிக் கிடக்கும். யார் முதலில் சரியான சீட்டில் கை வைக்கிறாரோ அவருக்கு அது. புதுவருடத்தில் குடும்பமாக இருந்து விளையாடுவார்கள். பள்ளிக்கூடங்களில் போட்டியும் நடக்கும். ஆயிரம் வருடப் பழமையான மொழி. யாரும் அதைப் பாரமென்று சொல்வதில்லை.

எங்கள் சனசமூக நிலையத்தில் இதைக் குறளுக்குச் செய்து பார்த்தேன். பிஸ்கற் பெட்டி மட்டையை வெட்டி, மார்க்கரால் இரண்டாமடிகளை எழுதிப் பரப்பினோம். முதலடியை நான் படிப்பேன். முதல் இரண்டு நாளும் பெரிய பிள்ளைகள்தான் வென்றார்கள். பிறகு மூன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் முந்தத் தொடங்கினான். வேகமாக வாசிக்கத் தெரியாதவன். ஆனால் எந்தச் சீட்டு எங்கே கிடக்கிறது என்று மனத்தில் வைத்துக்கொண்டு, நான் இரண்டாவது சீரைச் சொல்லும்போதே பாய்ந்துவிடுவான். மட்டைகள் கிழிந்து, ஒட்டி, திரும்ப எழுதி, சுவரெல்லாம் மார்க்கர். ஒருநாள் அவன் கேட்டான்: "ரீச்சர், ஏன் எல்லாத்திலையும் கடைசிச் சொல் மொட்டையா நிக்குது?"

யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது விளங்கும். குறள் வெண்பாவில் முதலடிக்கு நாலு சீர், இரண்டாமடிக்கு மூன்று; அந்த மூன்றாவது சீரும் ஓரசையோடு, அல்லது அதற்குச் சற்று மேலே, நின்றுவிடும். நாள், மலர், காசு, பிறப்பு என்று அதற்கு வாய்பாடு. உயர்தரத் தமிழில் அதை எழுதிப் பாடமாக்கி மறந்துபோனவர்கள் எத்தனை பேர்! இவன் காதால் பிடித்துவிட்டான். நான் விடை சொல்லவில்லை. மூதுரையையும் நல்வழியையும் எடுத்துக் கொடுத்து, "இதுகளிலையும் மொட்டை இருக்கோ எண்டு பார்" என்றேன். அடுத்த நாள் வந்து, "இருக்குது. ஆனா இதுகளிலை நாலு வரிக்கு ஒரு மொட்டைதான்" என்றான். ஆய்வுகூடத்தில் ஒரு பிள்ளை தானாக ஒரு ஒழுங்கைக் கண்டுபிடிக்கும்போது வருகிற அதே சந்தோஷம் எனக்கு. பொருளை அதற்குப் பிறகு அவர்களே கேட்டார்கள். துண்டு துண்டாகப் பயன் சொன்னேன், ஐயா சொன்னது போல. வாழைக்குலை விலையும் இடையில் வந்து போனது.

விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, சுவாமி விபுலானந்தரைக் காட்டுவேன். காரைதீவில் சிறுவயதிலேயே தமிழும் வடமொழியும் படித்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். அதே ஆள் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர், இலண்டன் பி.எஸ்ஸி. பட்டதாரி, துறவியாவதற்கு முன் மயில்வாகனம் என்ற பெயரோடு மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளைக் கணக்குப் போட்டு, பழைய யாழைத் திரும்ப எழுப்பிய 'யாழ் நூல்' 1947இல் வந்தது. பண்டிதரும் விஞ்ஞானியும் ஒரே உடம்பில் இருந்தபடியால்தான் அந்த நூல் பிறந்தது. 1921இல் யாழ்ப்பாணத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் தொடங்கியபோதும் அவர் கூட நின்றார். பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என்று படிப்படியாகச் சோதினை நடத்தி, தோட்டக்காரனையும் ஆசிரியனையும் பழைய நூல்கள் பக்கம் இழுத்தது அந்தச் சங்கம். சுன்னாகத்தில் பிராசீன பாடசாலை நடந்ததும் அதே காலத்தில்தான். கணேசையர் அதன் தலைமையாசிரியராக இருந்தார். தமிழும் வடமொழியும் ஒரே கூரையின் கீழ்.

அந்த வடமொழி இப்போது எங்கே போனது? உயர்தரத்தில் சமஸ்கிருதம் ஒரு பாடமாக இருக்கிறது; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் துறையும் இருக்கிறது. ஆனால் ஊரில் அது குருக்கள்மார் வீட்டுப் பிள்ளைகளின் பாடமாகச் சுருங்கிப் போய்விட்டது. தெற்கில் பாருங்கள். சின்னஞ்சிறு பிக்குகள் பிரிவெனாவில் பாளியும் சமஸ்கிருதமும் படிக்கிறார்கள். வித்தியோதயப் பிரிவெனா 1873இல் தொடங்கியது, வித்தியாலங்காரம் 1875இல். 1979இல் பிரிவெனாக் கல்விக்கென்றே தனிச் சட்டம் வந்தது. எங்கள் பிராசீன பாடசாலைக்கு அப்படி ஒரு சட்டம் கேட்டு எந்த நாடாளுமன்ற உறுப்பினராவது குரல் கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. வடமொழி தமிழுக்குப் பகை என்று எங்களில் ஒரு சாரார். அது எங்கள் குலச்சொத்து என்று இன்னொரு சாரார். இரண்டு பேருக்கும் நடுவில் பாடம் செத்துப்போனது. ஏழாம், எட்டாம் வகுப்பில் விருப்பமான எந்தப் பிள்ளைக்கும், எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், அந்த எழுத்தையும் சில சுலோகங்களையும் படிக்க வழி வேண்டும். ஆனால் முதலில் தமிழ் நடக்கட்டும்.

ஆங்கிலம் கெட்டுவிடும் என்பார்கள் பெற்றோர். வெளிநாடு போகிற பிள்ளைக்கு நாலடியார் எதற்கு? அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி திறந்தபோது ஆங்கிலத்தில் கணிதமும் வானசாஸ்திரமும் படிப்பித்தார்கள். தமிழ் இலக்கணத்தையும் வடமொழியையும் கூடவே வைத்திருந்தார்கள். தாமோதரம்பிள்ளை அங்கேதான் படித்தார். அவருடைய ஆங்கிலத்துக்கு ஒரு குறைவும் வரவில்லை. கனடாவிலும் இலண்டனிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிற எங்கள் சொந்தக்காரரைக் கேட்டாலும் இதற்குப் பதில் கிடைக்கும்.

காசில்லை என்று சொல்லவும் இதில் இடமில்லை. காசை நம்பித் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்து உதாரணம். அரச பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலத்தீன் கற்பிக்க 2021இல் ஒரு திட்டம் அறிவித்தார்கள். 2022இல் வகுப்புகள் தொடங்கின. 2025 பெப்ரவரியில், பள்ளிக்கூட ஆண்டின் நடுவிலேயே, அரசாங்கம் காசை நிறுத்திவிட்டது. நான் கேட்பதற்குத் திட்டமும் வேண்டாம், திறப்புவிழாவும் வேண்டாம். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை, காலைப் பிரார்த்தனை முடிந்து முதற்பாடம் தொடங்குமுன் பத்து நிமிடம். கிழமைக்கு ஒரு பாட்டு. திங்கட்கிழமை ரீச்சர் படிப்பார், பிள்ளைகள் கூடச் சொல்லுவார்கள். செவ்வாயும் புதனும் துண்டு பிரித்துப் பயன். வியாழன் பிள்ளைகளே படிப்பவரும் பயன் சொல்பவருமாக மாறி மாறி. வெள்ளிக்கிழமை சீட்டு. அந்தக் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு முடிக்கிற பிள்ளையின் வாயில் இருநூறு பாட்டுக்கு மேல் கிடக்கும். பாதியை மறந்தாலும் மிச்சம் நூறு.

தமிழ்த்தினப் போட்டியில் பாவோதல் இருக்கிறதே என்று சொல்வார்கள். இருக்கிறது. ஒரு வகுப்பில் குரல் நல்ல ஒரு பிள்ளையைப் பிடித்து, மாதக்கணக்காகப் பழக்கி, மேடையில் ஏற்றுகிறோம். மற்ற முப்பத்தைந்து பிள்ளைகளும் கைதட்டுகிறார்கள். அந்த முப்பத்தைந்து பேரைப் பற்றித்தான் என் கவலை.

படிப்பிக்க ஆளுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. இளம் ஆசிரியர் பலருக்கு இந்தப் பாட்டுகளை வாய்விட்டுப் படிக்க வராது. அந்தக் கொப்பிக்காரப் பிள்ளையைப் போலவே அவர்களும் வளர்ந்தவர்கள். அவர்களைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. கோப்பாய் ஆசிரிய கலாசாலையிலும் அங்கேயே இருக்கிற தேசிய கல்வியியற் கல்லூரியிலும், பயிலும் ஒவ்வொருவரும், கணித ஆசிரியரும் உட்பட, சபைக்கு முன் சில பாட்டைப் படித்துப் பயன் சொல்லிக் காட்ட வேண்டும் என்று வைக்கலாம். அதுவரைக்கும் ஊரில் ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறோம். காலையில் பேப்பர் பார்த்து முடித்தால் பத்து மணி வரை எங்களுக்கு வேறு வேலையில்லை. புராண படிப்பில் பழகின குரல்கள் இன்னும் சில ஊர்களில் மிச்சமிருக்கின்றன. முன்பு வீதியில் நின்று கேட்டவர்களின் பிள்ளைகளிலும் அப்படிப்பட்ட குரல்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். அவர்களை முதலில் கூப்பிட வேண்டும்.

வலிகாமம் கல்வி வலயத்தில் ஒரு சில பள்ளிக்கூடங்களில் அடுத்த ஆண்டு முதலாந் தவணை செய்து பார்க்கலாம். வட மாகாணக் கல்வித் திணைக்களத்தின் சுற்றறிக்கை ஒன்று போதும். அதில் ஒரேயொரு வசனத்தை மட்டும் தடித்த எழுத்தில் போட வேண்டியிருக்கும்: இந்தப் பத்து நிமிடத்துக்கு வினாத்தாள் கிடையாது, புள்ளி கிடையாது, பதிவேட்டில் நிரல் கிடையாது. எங்கள் அதிபர்மாரை எனக்குத் தெரியும். அந்த வசனம் இல்லாவிட்டால் இரண்டாந் தவணைக்குள் இதற்கும் ரியூசன் வந்துவிடும்.